608 டாலரை விட்டுவிட்டு அந்தப் படத்தைப் பேசாதீர்கள்

சனிக்கிழமை திரையிடலுக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களும் படத்தின் நாயகியைப் போல முடி வெட்டிப் படம் அனுப்பச் சொல்லும் அந்தப் போட்டி அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். முடியவில்லை.

அன்று திரையிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் பில்லி ஜீன்' 1985இல் வந்த அமெரிக்கப் படம். மைக்கேல் ஜாக்சன் பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அதையாவது மேடையில் சரியாகச் சொன்னார்கள். ஆனால் காட்டியது என்ன? கிராப்புத் தலையோடு நாயகி பில்லி ஜீன் வந்து நிற்பது, வீடியோ கேமராவைப் பார்த்துப் பேசுவது, ஊர்ப் பெண்கள் அவளைப் போலவே முடி வெட்டிக்கொள்வது, பின்னால் பாடகி பாட் பெனட்டாரின் பாட்டு. முதல் பாதியையே காணோம். அதன்பின் ஒரு மணி நேரம் 'எண்பதுகளின் ஸ்டைல்' பற்றிக் கலந்துரையாடல்.

அவள் 608 டாலர் கேட்டாள். அதுதான் படம்.

முதலிலிருந்து சொல்கிறேன். டெக்சாஸில் கார்ப்பஸ் கிறிஸ்டி, கடலோர ஊர், கோடைக்காலம். டிரெய்லர் வீட்டில் வளரும் அக்காவும் தம்பியும். அக்கா பில்லி ஜீனாக நடித்தவர் ஹெலன் ஸ்லேட்டர். தம்பி பிங்க்ஸாக கிறிஸ்டியன் ஸ்லேட்டர். பெயர் ஒன்றாக இருந்தாலும் நிஜத்தில் இருவரும் உறவில்லை. கடைக்காரர் பயாட்டின் மகன் ஹூபியும் அவன் கூட்டாளிகளும் பிங்க்ஸின் ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பில்லி ஜீன் முதலில் போவது காவல் நிலையத்துக்கு. இதை நன்றாகக் கவனியுங்கள். அதிகாரி ரிங்வால்ட் கெட்டவர் இல்லை, ஆனால் பையன்களின் சண்டை தானாகச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிடுகிறார். அதற்குள் பிங்க்ஸ் அடிபட்டு வருகிறான், ஸ்கூட்டர் நொறுங்கிக் கிடக்கிறது. பழுது பார்க்க ஆகும் செலவை எழுதி வாங்குகிறாள். 608 டாலர். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஹூபியின் அப்பா கடைக்குப் போகிறாள்.

608 என்றால் எவ்வளவு என்று மேடையில் யாரும் யோசிக்கவில்லை. அப்போது அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3.35 டாலர். வகுத்துப் பாருங்கள், 181 மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. வாரம் 40 மணி நேரம் உழைத்தால் நாலரை வாரச் சம்பளம், வரி பிடிப்பதற்கு முன்னால். டிரெய்லர் வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கோடைக்காலம். கடை வைத்திருக்கிற மனிதருக்கு அது கல்லாப்பெட்டியைத் திறந்தால் தீர்கிற விஷயம். அந்த மனிதர் அவளை மாடிக்கு அழைத்துப்போய், தவணை முறையில் தருகிறேன் என்று சொல்லி அவள் மேல் கை வைக்கிறார். கீழே கல்லாவில் பிங்க்ஸுக்குத் துப்பாக்கி கிடைக்கிறது. குண்டு இல்லை என்கிறார் பயாட். இருக்கிறது. பிங்க்ஸ் கையிலிருந்து வெடித்துப் பயாட்டின் தோளில் படுகிறது. அந்த நிமிடத்திலிருந்து ஊர்க் கணக்கில் குற்றவாளி யார்?

அதற்கப்புறமும் அவள் சண்டைக்குப் போகவில்லை. ரிங்வால்டுக்குப் போன் செய்கிறாள். ஸ்கூட்டர் காசைக் கொடுக்கட்டும், மன்னிப்புக் கேட்கட்டும், நாங்கள் சரணடைகிறோம் என்கிறாள். ஷாப்பிங் மாலில் சந்திப்பதாக ஏற்பாடு. அங்கே பயாட் ஆள் வைத்துப் பிடிக்கப் பார்க்கிறார். மறுபடி ஓட்டம். பிறகுதான் அரசு வழக்கறிஞரின் மகன் லாயிட் வீட்டில் ஒளிகிறார்கள், அங்கே டிவியில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கைப் பற்றிய, ஜீன் செபெர்க் நடித்த 'செயின்ட் ஜோன்' படம் ஓடுகிறது, அதைப் பார்த்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கிறாள். புகார், ரசீது, பலாத்கார முயற்சி, துப்பாக்கி, சமரசப் பேச்சு, துரோகம். இத்தனையும் தாண்டித்தான் அந்த முடி விழுகிறது. இதையெல்லாம் வெட்டிவிட்டு முடியை மட்டும் காட்டினால் அது சலூன் விளம்பரம்.

ஜோன் ஆஃப் ஆர்க்கை 1431இல் ரூவானில் எரித்தார்கள். ஆண் உடை அணிந்தாள் என்பது அவள் மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. படம் எடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. கிராப்பு வெட்டி நிற்கும் அக்காவுக்குப் பதிலாகக் கடற்கரையில் கவுன் போட்டுக்கொண்டு போவது தம்பி. சுடப்படுவதும் அவன்தான். இதைப் பேசியிருக்கலாமே.

'படம் ஓடவே இல்லையே' என்றார் ஒருவர். ஆமாம், அமெரிக்காவில் சுமார் 30 லட்சம் டாலர்தான் வசூல். கேபிள் டிவியும் வீடியோ கேசட்டும்தான் அதை உயிரோடு வைத்திருந்தன. டிவிடி வரவே 2011 ஆனது. தியேட்டரில் தோற்ற படத்தைக் கால் நூற்றாண்டுக்கு மேல் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்களே, அவர்கள் ஹேர்ஸ்டைலுக்காகவா கேட்டார்கள்?

'கதை நம்பும்படி இல்லை.' சில இடங்களில் இல்லைதான். சரி.

'அழகான வெள்ளைக்காரப் பெண் என்பதால்தான் ஊரே கொண்டாடுகிறது.' இது நியாயமான கேள்வி. அந்த இடத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணை வைத்துப் பார்த்தால் கதை மால் வரைக்கும் கூடப் போயிருக்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இதைக் கேட்டவரிடம் எனக்குக் கோபமே இல்லை. அவராவது படத்தைப் பார்த்திருக்கிறார்.

608 டாலரைப் பற்றி நான் கேட்டதற்கு 'ஒரு ஸ்கூட்டர் பில்லைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள்' என்றுதான் பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். வலித்தது. ஏனென்றால் அவளிடமும் அதைத்தான் சொன்னார்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா, விடு, தானாகச் சரியாகும் என்று. சின்னத் தொகை என்று சொல்கிறவர் யாரும் அந்தத் தொகையை எடுத்து வைப்பதில்லை.

கடைசிக் காட்சியில் பயாட் கடற்கரையில் கடை போட்டிருக்கிறார். அவள் முகம் போட்ட டி-ஷர்ட், போஸ்டர். யாரைத் தொட்டாரோ அவளையே விற்கிறார். அவள் நேரே வந்து நிற்கும்போது காசை எடுத்து நீட்டுகிறார். அவள் வாங்கவில்லை. கடை தீப்பிடிக்கிறது, வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பொருட்களைக் கொண்டுவந்து நெருப்பில் போடுகிறார்கள்.

அந்தக் காட்சியைத் திரையில் போட்டுவிட்டு, விளக்கு எரிந்த ஐந்தாவது நிமிடத்தில் அவள் முகம் அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்து, 'அவளைப் போல முடி வெட்டிப் படம் அனுப்புங்கள், பரிசு உண்டு' என்று அறிவிக்க எப்படி மனசு வந்தது? உண்மையாகவே கேட்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி திரையிடப் போவதாகச் சொல்கிறார்கள். முதல் காட்சியிலிருந்து ஓட்டுங்கள். பயாட்டின் கடையில் நடக்கும் அந்தக் காட்சியை வெட்டாதீர்கள். அந்தப் போட்டியை எடுத்துவிடுங்கள்.