ஏஜென்ட்டைத் திறக்கும் முன் எல்லையைப் பிரித்துவிடுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து உள்ளூர் ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் மென்பொருள் செய்துகொடுக்கும் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாறு ஏ.ஐ. ஏஜென்ட்களை, அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் மென்பொருள்களை, ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடியும் என்ற நம்பிக்கை பரவிவிட்டது. அவை புரோகிராம் கோடு எழுதும் வேகம் உண்மைதான். ஆனால் எழுதியதை ஒன்றாகச் சேர்க்கும் இடத்தில்தான் திட்டம் சிக்குகிறது. அந்த இடத்துக்கான ஏற்பாட்டை முதல் ஏஜென்ட்டைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாங்கூழ் ஆலைக்கான கொள்முதல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கேட் என்ட்ரி, எடைமேடை, ரகமும் கழிவும், விவசாயி கணக்கு, பணப் பட்டுவாடா. ஐந்து பகுதி, ஐந்து ஏஜென்ட் என்று பிரிக்கத்தான் கை போகும். எடைமேடை ஏஜென்ட் நிகர எடையைக் கிலோவில் சேமிக்கும். பெங்களூரா மாம்பழத்துக்கு டன் கணக்கில் விலை பேசுவதால், எடையும் டன்னில் வரும் என்று பட்டுவாடா ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும். இரண்டின் டெஸ்ட்டும் பாஸ் ஆகும். வெவ்வேறு கோப்புகள் என்பதால் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் எல்லாவற்றையும் சேர்க்கும் மெர்ஜிலும் மோதல் வராது. பில் தொகை மட்டும் ஆயிரம் மடங்காக வரும்.

ஆகவே தொடக்கத்தில் ஒரே ஏஜென்ட் போதும். டேபிள் அமைப்பு, பகுதிகள் ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் ஏ.பி.ஐ. வடிவம், அலகுகள், தேதி வடிவம் ஆகியவற்றை மட்டும் அது எழுதட்டும். எடை முழு எண்ணாகக் கிலோவில், பணம் முழு எண்ணாகப் பைசாவில் என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். மனிதர் ஒருவர் வரி வரியாகப் படித்து, கிட்டின் முதன்மைப் பதிப்பான மெயின் கிளையில் சேர்த்து, அதைப் பூட்டிவிட வேண்டும். மற்ற ஏஜென்ட்கள் அதற்குப் பிறகே கிளை பிரியலாம்.

தமிழ் எழுத்துக்கும் இங்கேயே விதி வேண்டும். போச்சம்பள்ளியில் வரும் ‘போ’வின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு வேறு வேறு. ஒரு ஏஜென்ட் அதை ஒரே குறியாக்கும் என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றிச் சேமித்து இன்னொன்று அப்படியே சேமித்தால், ஒரே விவசாயி இரண்டு லெட்ஜரில் நிற்பார், அட்வான்ஸ் ஒன்றில், பாக்கி இன்னொன்றில். டெமோவில் இது தெரியவே தெரியாது.

அடுத்து வேலைக் குறிப்பு. ‘பட்டுவாடா மாட்யூல் செய்’ என்பது போதாது. எந்தக் கோப்புகளைத் தொடலாம், எவற்றைத் தொடக்கூடாது, எந்த வேலை முடிந்த பிறகு இது தொடங்க வேண்டும், எந்த டெஸ்ட் கட்டளை பாஸ் ஆனால் முடிந்ததாகக் கொள்ளலாம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். உரையாடல் நீண்டால் ஏஜென்ட் பழையதைச் சுருக்கிக்கொள்ளும். அந்தச் சுருக்கத்தில் ‘தொடக்கூடாது’ பட்டியல் தொலைந்துபோகலாம். குறிப்பு சாட்டில் இல்லாமல் கோடு இருக்கும் ரெப்போவுக்குள் கோப்பாக இருந்தால் மறுபடி படிக்கச் சொல்லலாம்.

ஒரே ஃபோல்டரில் இரண்டு ஏஜென்ட் வேண்டவே வேண்டாம். ஒன்று கிளை மாற்றினால் மற்றதன் காலடியில் கோப்புகள் மாறிவிடும். 2015இல் வந்த கிட் 2.5 முதல் ஒரே ரெப்போவின் கிளைகளைத் தனித்தனி ஃபோல்டரில் திறக்கும் வொர்க்ட்ரீ வசதி இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு ஒன்று கொடுங்கள். கிட்டில் சேர்க்காத அமைப்பு விவரங்கள் உள்ள டாட் என்வ் கோப்பும் பைதான் லைப்ரரிகள் உள்ள வெர்ச்சுவல் என்வும் அதில் தானாக வராது, தனியாக அமைக்க வேண்டும். போர்ட்டும் டெஸ்ட் டேட்டாபேஸும்கூட ஆளுக்கொன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்று அழித்த ரெக்கார்டைத் தேடி மற்றொன்று சரியான கோடைத் திருத்த ஆரம்பித்துவிடும்.

டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கோப்புகளின் பொறுப்பு ஒரே ஏஜென்ட்டிடம் இருக்க வேண்டும். பைதானில் வெப் மென்பொருள் கட்டும் ஜாங்கோவில் இரண்டு கிளைகள் ஒரே இடத்திலிருந்து பிரிந்து ஆளுக்கொரு மைக்ரேஷன் உருவாக்கினால் இரண்டுக்கும் 0007 என்பதுபோல் ஒரே எண் வரும், சேர்த்ததும் ஓட மறுக்கும். இரண்டையும் இணைக்கும் மெர்ஜ் மைக்ரேஷன் போட்டால் பிழை மறையும். ஒரே தகவலுக்கு இரண்டு பெயரில் டேபிளில் இரண்டு நெடுவரிசை உருவாகியிருந்தால், அது அப்படியே தங்கிவிடும்.

டெஸ்ட்டை எழுதுவது ஒரு ஏஜென்ட், அதைப் பாஸ் செய்ய வைப்பது வேறொன்று. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாஸ் ஆகாத டெஸ்ட்டை ஸ்கிப் செய்வது, எதிர்பார்க்கும் விடையையே மாற்றுவது, கணக்கிட வேண்டிய ஃபங்ஷனுக்குப் பதில் போலியை வைத்து மாக் செய்வது மூன்றும் நடக்கும். டெஸ்ட் எழுதும் ஏஜென்ட்டைத் தவிர வேறெதுவும் டெஸ்ட் ஃபோல்டரில் கை வைத்தால், மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் சி.ஐ. அந்தக் கிளையை நிராகரிக்கும்படி அமையுங்கள்.

மெர்ஜ் ஒவ்வொன்றாக நடக்கட்டும். ஒன்று உள்ளே போனதும் மற்றவை புதிய மெயினின் மேல் தங்கள் மாற்றங்களை ஏற்றி, அதாவது ரீபேஸ் செய்து, முழு டெஸ்ட்டையும் மறுபடி ஓட்ட வேண்டும். 50 டன் லோடு எடை, 18 டன் காலி எடை, 3 சதவீதக் கழிவு போட்டால் கையால் கணக்கிட்ட தொகை பைசா பிசகாமல் வருகிறதா என்று கேட்டிலிருந்து பில் வரை ஓடும் டெஸ்ட் ஒன்று கட்டாயம். மேலே சொன்ன கிலோ–டன் பிழையை அது ஒன்றுதான் பிடிக்கும்.

எத்தனை ஏஜென்ட்? ஒரு மனிதர் நிதானமாகப் படித்துச் சரிபார்க்கும் அளவுக்குத்தான். ஒருவருக்கு மூன்று என்பதே என் வரம்பு. மூன்று ஏஜென்ட்டுக்குள் 3 ஜோடிகள். ஆறுக்குள் 15, மோதல் வர 15 வழிகள். செலவும் ஏறும். ஏ.ஐ. நிறுவனமான ஆந்த்ரோபிக் தன் பல ஏஜென்ட் ஆராய்ச்சி அமைப்பைப் பற்றி 2025 ஜூனில் எழுதியபோது, சாதாரண சாட்டைவிடச் சுமார் 15 மடங்கு டோக்கன் (ஏ.ஐ. படித்து எழுதும் சொல்துண்டு) செலவாவதாகச் சொன்னது. ஆராய்ச்சியைவிடக் கோடிங்கில் உண்மையாகவே பிரித்து ஒரே நேரத்தில் செய்யக்கூடிய வேலை குறைவு என்றும் சொன்னது.

ஜூன், ஜூலையில் லாரிகள் கேட்டில் வரிசை கட்டும்போது புதுப் பகுதி எதையும் சேர்க்க வேண்டாம். அப்போது ஒரு ஏஜென்ட், ஒரு சிறு திருத்தம், படித்துப் பார்க்க ஒருவர். லைவ் டேட்டாபேஸின் பாஸ்வேர்ட் எந்த வொர்க்ட்ரீயிலும் இருக்கக் கூடாது.