மாவுக்கட்டோடு இருந்த ஆறு வாரம்

கஷ்டத்தில் இருப்பவரிடம் போய் "எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்வது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அது அவர் வாயை அடைக்கிற வேலை. ஆனாலும் தடை சில நேரம் நமக்கு உதவத்தான் செய்கிறது. அது எப்படி நடக்கிறது என்று என் கை உடைந்தபோதுதான் புரிந்தது.

மூன்று வருடம் முன்னால் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இடது கையின் ஒற்றை விரலால் தட்டினால் ஒரு வரி முடிக்கவே ஒரு நிமிடம் ஆகும், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி முடிப்பதற்குள் சொல்ல வந்தது மறந்துபோகும். அதுவரைக்கும் யாராவது என் வேலையில் குறை சொல்லி மின்னஞ்சல் அனுப்பினால், கோபம் ஆறுவதற்குள் பத்து வரி பதில் போய்விடும். இப்போது கை ஒத்துழைக்கவில்லையே, வேறு வழியில்லாமல் போனை எடுத்தேன். பேசினால், நான் குறை என்று படித்ததில் பாதி அவருக்கு இருந்த சாதாரண சந்தேகம்! மூன்று நிமிடத்தில் முடிந்தது. அதே ஆளோடு அதற்கு முன்பு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். கை சரியான பிறகும் நான் போனைத்தான் எடுக்கிறேன்.

2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பல நிலையங்களை மூடிவிட்டதால் தினமும் ஒரே வழியில் போனவர்கள் மாற்று வழி தேட வேண்டியதாயிற்று. பயண அட்டைப் பதிவுகளைப் பின்னால் ஆராய்ந்தபோது, அப்படி மாறியவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் ரயில்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கிய பிறகும் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று தெரிந்தது. அந்த ரயில் வரைபடம் உண்மையான தூரத்தைக் காட்டாது, அதை நம்பிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தினமும் போகிற வழி ஆயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? எனக்கும் அதேதான் நடந்திருக்கிறது. தடை வந்து மறிக்கும்வரை நாம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அப்புறம் கட்டைப் பிரித்த அன்று என் கையைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தோல் உரிந்து, இளைத்து, யாருடைய கையோ மாதிரி இருந்தது. எலும்புக்கும் தசைக்கும் பாரம் வேண்டும். விண்வெளியில் எடையே தெரியாமல் இருப்பவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும், அதனால்தான் அவர்கள் தினமும் இரண்டு மணி நேரம்போல உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். சரி, பாரம் நல்லதுதானே என்று அன்றைக்கே நான் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியிருந்தால்? மருத்துவர் என்னிடம் கொடுத்தது மெத்தென்ற ஒரு பந்து. அதைப் பாதிவரை அமுக்கவே எனக்கு நான்கு நாள் ஆனது.

தாங்க முடிகிற தடைதான் உதவும், அதுவும் பக்கத்தில் ஆள் இருந்தால். நோயும் கடனும் ஒன்றாக வந்து அமுக்குகிறவரிடம் இதையெல்லாம் பாடமாக எடுக்க எனக்கு வாய் வராது. அந்த ஆறு வாரமும் அலுவலகத் தோழி ஒருவர் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், டப்பா மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போவார். இது உன் நல்லதுக்குத்தான் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை.