கிளைடர் ரேஸுக்கு ஆடிக் காற்று வேண்டாம்

இன்ஜின் இல்லாமல் பறக்கும் விமானமான கிளைடரின் போட்டி பற்றி, "காற்று பலமாக அடித்தால்தான் கிளைடர் ரேஸ், முதலில் இறங்குபவரே வெற்றி" என்று நினைத்தால் இரண்டுமே தப்பு. சித்திரை வெயிலில் யானைமலைக்கு மேல் பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தே ஏறுவதைப் பார்த்திருப்பீர்களே, கிளைடரும் அப்படித்தான், சூடான தரையிலிருந்து எழும் காற்றில் சுற்றி உயரம் பிடித்து, அந்த உயரத்தைச் செலவழித்து போட்டிப் பாதையின் அடுத்த திருப்பத்துக்குப் பாய்கிறது. ஆடிக் காற்று மாதிரி அடித்தால் அந்த எழும் காற்றே சிதறிவிடும். (மலைச்சரிவில் மோதி எழும் காற்றும் உதவும், அது வேறு கதை.)

அப்புறம், புறப்பாட்டுக் கோடு திறந்தபின் அவரவர் தோதுப்படி கிளம்பலாம், கணக்கு சராசரி வேகத்துக்குத்தான். தொட்டுவர வேண்டிய பகுதிகளைக் குறித்துத் தரும் டாஸ்க்கில் (அன்றைய போட்டிச் சுற்றில்) குறைந்தபட்சம் 3 மணி நேரம் என்று வைத்தால், இரண்டரை மணி நேரத்தில் வந்து நின்றாலும் தூரத்தை 3 மணி நேரத்தால்தான் வகுப்பார்கள்.