608 பென்ஸ்

2007-ல் பிரிட்டனின் கோரஸ் எஃகுக் கம்பெனியை டாடா ஸ்டீல் வாங்கிய செய்தியைப் பேப்பரில் படித்த அன்று, டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியவன் நான். நம்மை ஆண்டவர்களின் இரும்பாலை நம்மூர்க் கம்பெனி கைக்கு வந்துவிட்டது என்ற பூரிப்பு. என்ன விலை கொடுத்தார்கள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

2006 அக்டோபரில் டாடா கோரஸின் ஒரு பங்குக்குத் தருவதாகச் சொன்ன விலை 455 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு). பிரேசிலின் சிஎஸ்என் என்ற எஃகுக் கம்பெனி போட்டிக்கு வந்தது. ஜனவரி 30 இரவு ஒன்பது சுற்று ஏலம். எதிராளி 603-ல் நின்றார், டாடா 608-ல் முடித்தது. மூன்று மாதத்தில் விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது! மொத்தம் சுமார் 1,200 கோடி டாலர், அதில் பெரும்பகுதி கடன். வாங்கப்பட்ட கம்பெனியோ வாங்கியவரைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரியது. இதற்கு முன் சிங்கப்பூரில் நேட்ஸ்டீல், தாய்லாந்தில் மில்லேனியம் ஸ்டீல் என்று வாங்கியதெல்லாம் அகலக்கால் இல்லை. தாங்கக்கூடிய அளவுதான்.

வெளிநாடு போனதே தப்பு என்று நான் சொல்லவில்லை. டாடாவின் ஜாம்ஷெட்பூர் ஆலை ஏன் லாபம் தருகிறது? நோவாமுண்டியில் சொந்தச் சுரங்கம் இருக்கிறது, இரும்புத் தாது பக்கத்திலிருந்தே வந்துவிடும். கோரஸின் ஆலை இருக்கும் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் தாது கப்பலில் வர வேண்டும், அதுவும் சந்தை விலைக்கு. வாங்கி ஒன்றரை வருடத்தில் 2008 நெருக்கடி வந்தது. ஐரோப்பாவில் கார் விற்பனையும் கட்டுமானமும் படுத்துவிட்டன. ஆர்டர் குறைந்தது, வட்டி குறையவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கை நழுவியது. கோரஸோடு வந்த இங்கிலாந்தின் ரெட்கார் ஆலையை 2010-ல் நிறுத்தி, அடுத்த வருடம் விற்றார்கள். அங்கேயே உள்ள ஸ்கன்தோர்ப் ஆலை 2016-ல் ஒரே ஒரு பவுண்டுக்குப் போனது. ஜெர்மனியின் எஃகுக் கம்பெனி தைசன்குரூப்போடு சேரும் திட்டத்தை 2019-ல் ஐரோப்பிய ஆணையம் தடுத்தது. 2024 செப்டம்பர் 30 அன்று போர்ட் டால்பட்டில் நிலக்கரியால் தாதுவை உருக்கும் கடைசி ஊதுலையும் அணைந்தது. அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை வேலை பார்த்த குடும்பங்கள் உள்ள ஊர் அது. ஏல இரவில் அவர்களை யாரும் கேட்கவில்லை.

கரிப்புகை காரணமாக அந்த உலை எப்படியும் மூடியிருக்கும் என்கிறார்கள். சரி, இருக்கலாம். ஆனால் கடன் சுமை இல்லாமல் இருந்திருந்தால், பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின் உலைக்கு மாறும் வேலையைப் பத்து வருடம் முன்பே நிதானமாகத் தொடங்கியிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இப்போதுதான் 125 கோடி பவுண்டில் அது எழும்புகிறது. அதில் 50 கோடி பிரிட்டிஷ் அரசின் பணம். அதுவரை அங்கே உருட்டுவதற்கான இரும்புப் பாளங்கள் கப்பலில் வருகின்றன, இந்தியாவிலிருந்தும்கூட.