“பேட்டரியை மாத்திப் பாத்தீங்களா?”

மாத்திட்டேன் சார். நாலு தடவை மாத்திட்டேன். கடைசியாகப் போட்ட செல் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்திலிருந்து உருவியது. அதனால் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கள் கூடத்தில் மணி பத்து இருபது. டிவி ரிமோட் அதற்கும் முன்னாலேயே காலி. இத்தனை பேர் உயிரையும் உறிஞ்சிக் குடித்துவிட்டு அந்த வயர்லெஸ் மவுஸ் திரை நடுவில் கொலுப்பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தட்டினால் அசையாது. தூக்கி வைத்தால் அசையாது. ‘தொலையட்டும்’ என்று கையை எடுத்தால், அரை நொடி கழித்து அம்பு தானாகப் பாய்ந்து போய் எதையாவது மூடிவிட்டு வரும்.

கீபோர்டும் அதே ஜோடிதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே டாங்கிள், அதாவது கம்ப்யூட்டரில் செருகிவைத்தால் இரண்டின் சிக்னலையும் வாங்குகிற துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். மேஜை மேல் வயர் கிடந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று என் புத்தி போன நாள் அது.

மவுஸ் நின்றால் மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். கீபோர்ட் எழுத்தை விழுங்குவதுதான் கொடுமை. என் பிழைப்பே வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பது, நாள் முழுக்கத் தட்டச்சு. நான் தமிழ்99 ஆள். 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை, அருமையான அமைப்பு. ட-வை இரண்டு முறை தட்டினால் முதல் ட-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும். ஆனால் அந்த இரண்டு தட்டில் ஒன்று வழியில் தொலைந்தால் எழுத்தும் போச்சு, புள்ளியும் போச்சு. ‘இல்லை’ என்று அடித்தால் ‘இலை’ வரும். ‘எட்டு’ என்றால் ‘எடு’. ‘நன்றி’யில் ற மட்டும் விழுந்தால் ‘நனி’. வாடிக்கையாளர் ஒருவருக்கு ‘தங்கள் ஒத்துழைப்புக்கு நனி’ என்று மெயில் போயிருக்கிறது. சங்கத் தமிழில் ஏதோ சொல்ல வருகிறேன் என்று அவர் நினைத்திருக்கலாம். பிழைதிருத்தியும் இதையெல்லாம் பிடிக்காது, ஏனென்றால் எல்லாமே நல்ல தமிழ்ச் சொல்.

போன மாதம் பாட்டி தென்காசியிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தார். அம்மாவைப் பெற்றவர், வயது 84. காலையில் தாம்பரத்தில் இறக்கிக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருந்த வாட்ஸாப்பில் குடும்பக் குழுவுக்கு ஒரு வரி தட்டினேன். ‘பாட்டி நல்லபடியா வந்தாச்சு’. ப, ஆ, ட, ட, இ. என் விரல் ஐந்தையும் அடித்தது, சத்தியம். திரையில் போய் விழுந்தது நாலு. நான் பார்க்காமல் எண்டரைத் தட்டிவிட்டேன்.

‘பாடி நல்லபடியா வந்தாச்சு.’

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சித்தியிடமிருந்து ஃபோன். எடுத்தவுடனே அழுகை. “ஏலே, என்னலே சொல்லுத? எப்பம்லே? ராத்திரி ரயில் ஏத்திவிடும்போது நல்லாத்தானலே இருந்தா!” எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து டபராவில் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கிறார். விஷயம் புரிந்து, நான் வாயடைத்து நிற்க, பாட்டியே ஃபோனை வாங்கினார். “ஏட்டி, நான் உசுரோடதான் இருக்கேன். காப்பி ஆறிப்போவுது, போனை வையி.”

அன்றைக்கே கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறியதுதான். இருபது நிமிஷம் இசை கேட்ட பிறகு ஒரு தம்பி வந்தார். முதல் கேள்வி என்ன என்று உங்களுக்கே தெரியும். அடுத்து, டாங்கிளைக் கழற்றி மாட்டுங்கள். அப்புறம் சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். அப்புறம், “சார், ஸ்டார்ட் மெனுவை கிளிக் பண்ணி செட்டிங்ஸ் போங்க.” எதை வைத்துத் தம்பி கிளிக் பண்ணுவது? மவுஸ் வேலை செய்யவில்லை என்பதற்குத்தானே கூப்பிட்டேன்! அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி சார், கீபோர்ட்ல போங்க” என்றார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் கொடுத்த தாளைப் படிக்கிறார். தாளை எழுதியவன் மேல்தான்.

பேட்டரி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள். செல் தீர்ந்தால் சிக்னல் பலவீனமாகும், உண்மைதான். சார்ஜ் பண்ணுகிற செல் 1.2 வோல்ட், சாதாரணச் செல் புதிதாக 1.5 வோல்ட். அதனால் சார்ஜ் செல் முழுசாக இருந்தாலும் சில கீபோர்டுகள் ‘தீரப்போகிறது’ என்று விளக்கைச் சிமிட்டும். சரி. ஆனால் புத்தம்புது ஆல்கலைன் செல் போட்டு, டாங்கிளுக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருப்பவனிடமும் பேட்டரியையே பேசினால் எப்படி? அட்டைப்பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். பத்து மீட்டர் போனால் நான் பக்கத்து வீட்டு மாமாவின் சமையலறையில் இருப்பேன்.

பிறகு நானே துப்பறியக் கிளம்பினேன். இந்த மாதிரி டாங்கிள்கள், புளூடூத், பழைய வைஃபை எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சந்தில்தான் நடமாடுகின்றன. லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் புழங்கலாம் என்று விட்ட அலைவரிசை. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான், 2.45-ல். அடுப்பு எழுநூறு, எண்ணூறு வாட். மவுஸ் பேசுவது ஓரிரு மில்லிவாட்டில். திருவிழாக் கூட்டத்தில் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று காதில் ரகசியம் சொல்கிற கதை. ஒரு டம்ளர் தண்ணீரை அடுப்பில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மவுஸ் லேசாக நொண்டியது. அடுப்பு நின்றதும் சரியானது. ஆனால் எங்கள் வீட்டில் அடுப்பு ஓடுவது நாளைக்கு ஐந்து நிமிஷம், மவுஸ் நொண்டுவது நாள் முழுக்க.

அடுத்த சந்தேகம் வைஃபை ரவுட்டர் மேல். கம்ப்யூட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டு வைஃபையும் என் மேஜையை எட்டிப் பார்ப்பதால், நான் ஒருவன் ஒதுங்கிப் பெரிய பலனில்லை. அடுத்து இரும்பு. மேஜை இரும்பு, சிபியு பெட்டி இரும்பு, டாங்கிள் அந்தப் பெட்டிக்குப் பின்புறம், சுவரைப் பார்த்து. பக்கத்தில் பீரோ வேறு. டாங்கிளை முன்பக்கத் துளைக்கு மாற்றினேன். கொஞ்சம் தேவலை என்று இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். விண்டோஸில் டிவைஸ் மேனேஜருக்குள் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பியை அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்தேன். அதனால் சும்மா வைத்துவிட்டு வந்து தொடும்போது முதல் ஒரு நொடி செத்துக் கிடப்பது நின்றது. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், புகைப்படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிக்கொண்டே ஒரு அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லை அழிக்க பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டினேன். விரலை எடுத்தாயிற்று. ஆனால் ‘விரலை எடுத்துவிட்டான்’ என்ற சேதி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை. அது அழித்துக்கொண்டே போகிறது. சொல் போச்சு, வரி போச்சு, பத்தி போச்சு. பகாசுரன் வண்டிச் சோற்றைத் தின்றதுபோல ஒரு பக்கத்தை நக்கித் துடைத்தது. வேறு எந்த விசையைத் தட்டினாலும் காதில் வாங்கவில்லை. நான் மேஜைக்கு அடியில் பாய்ந்து டாங்கிளைப் பிடுங்கினேன். பிடுங்கும்போது கையில் உரசியது, பக்கத்துத் துளையில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க் வயர்.

இரண்டுமே நீலத் துளை. அதாவது யூஎஸ்பி 3, பழைய யூஎஸ்பி 2-ஐவிட வேகமான வகை.

ஹார்ட் டிஸ்கைக் கழற்றினேன். மவுஸ் நல்ல பிள்ளையாக நடந்தது. மறுபடி மாட்டி ஒரு படத்தொகுப்பை நகலெடுத்தேன், குடிகாரன் நடை. கழற்றினேன், நல்ல பிள்ளை. ஐந்து தடவை செய்து பார்த்தேன், ஐந்து தடவையும் அதேதான்.

தேடினால், இதை 2012-லேயே இன்டெல் ஆய்வறிக்கையாக எழுதி வைத்திருக்கிறது! யூஎஸ்பி 3-ல் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும். அந்த ஓட்டம் கிளப்புகிற ரேடியோ இரைச்சல் நேராக இந்த 2.4 சந்தில்தான் வந்து கொட்டுகிறது. ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டியதும் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் ஏறியதாக அளந்து காட்டியிருக்கிறார்கள். 20 டெசிபல் என்றால் 100 மடங்கு. அந்த இரைச்சல் வாயிலேயே நம் டாங்கிள் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மூன்றடி தள்ளியிருக்கும் மவுஸ் பேசுவது எப்படிக் கேட்கும்?

எனக்கு ரத்தம் கொதித்தது இங்கேதான். டாங்கிள் எவ்வளவு குட்டி பாருங்கள் என்று அட்டைப்பெட்டியில் பெருமை அடிக்கிறார்களே, அந்தக் குட்டித்தனம்தான் வினை. கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலாவது துளையை விட்டு விலகியிருக்கும். உள்ளே புதைந்துபோகிற அளவுக்குச் சிறிசாக்கி, இரைச்சலுக்கு மடியில் உட்கார வைத்துவிட்டு, ‘செருகினால் போதும், ஓடும்’ என்று அச்சடிக்கிறார்கள். நீலத் துளையில் ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்தில் செருகாதே என்று ஒரே ஒரு வரி போட்டால் மை தீர்ந்துவிடுமா? எனக்கு வந்த கையேடு பதினைந்து மொழியில் இருந்தது. பதினைந்திலும் படம் ஒன்றுதான், பேட்டரி போடுகிற படம். போதாக்குறைக்கு அந்த நகத்துண்டு டாங்கிள் தொலைந்தால் என்னுடைய செட்டுக்கு வேறு டாங்கிள் கிடையாது. கீபோர்டும் மவுஸும் சேர்ந்து குப்பை.

நண்பன் ஒருவன் புளூடூத் வாங்கு என்றான். அதுவும் அதே சந்துதான், ஆனால் பழைய வகை புளூடூத்கூட 79 தடங்களுக்கு இடையே நொடிக்கு 1600 தடவை தாவித் தாவி, நெரிசலான தடத்தை விட்டு ஒதுங்கிவிடும் என்பதால் சமாளிக்கும். சரி என்று அவனுடையதையே இரவல் வாங்கினேன். மறுநாள் கரண்ட் போய் வந்தது. மதர்போர்டில் உள்ள பொத்தான் செல் தீர்ந்திருந்ததால் கறுப்புத் திரையில் ‘தொடர எஃப்1 அழுத்தவும்’ என்று வந்து நின்றது. புளூடூத் கீபோர்டுக்கு விண்டோஸ் ஏறினால்தான் உயிர். எஃப்1 அழுத்தினால்தான் விண்டோஸ் ஏறும். பரணில் ஏறி, தூசி தட்டி, வால் வைத்த பழைய கீபோர்டை இறக்கி அழுத்தினேன். அந்தச் சனியனுக்கும் கடைசியில் பேட்டரிதான் காரணம் என்பதை அந்த உதவி எண் தம்பியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் மொய்க்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் இருக்கிறதா என்று கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர், “டாங்கிளுக்கா சார்?” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது! “ஒன்றரை மீட்டர் வாங்கிக்கோங்க, டூ பாயின்ட் ஓ போதும்.” எழுபது ரூபாய். செய்தவன் சொல்லவில்லை, விற்றவன் சொல்லவில்லை, உதவி எண் சொல்லவில்லை. ஒரு முட்டுச்சந்துக் கடையில் டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்.

இப்போது சிபியுவின் கறுப்புத் துளையிலிருந்து, அதாவது பழைய யூஎஸ்பி 2-லிருந்து, கேபிள் கிளம்பி, மேஜை விளிம்பில் ஏறி, மவுஸ் பேடுக்கு ஒரு சாண் தள்ளி முடிகிறது. அதன் தலையில் டாங்கிள். தொலையாமல் இருக்க நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் ஓடினாலும் ஒரு எழுத்து விழவில்லை. பாட்டி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “அதான் ஒயரு வந்துட்டே, பொறவு எதுக்குலே இந்த முடிச்சு?” என்று கேட்டார். நான் ஹார்ட் டிஸ்கைக் காட்டி, அலைவரிசை அது இது என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார்.

நேற்று ராத்திரி பாட்டியைத் திரும்ப ரயிலேற்றிவிட்டு வந்து குழுவில் தட்டினேன். ‘பாட்டி ஊருக்குக் கிளம்பியாச்சு’. எண்டர் தட்டுவதற்கு முன்னால் திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து ட இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, உடனே சித்தியின் பதிலும் வந்தது: “எதுக்கும் ஒரு தடவ போன் பண்ணிக் கேட்டுக்கிடுதேன்.”