உரிமை உண்டு, பயன்படுத்தினால் சந்தா போய்விடும்

யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமையோடு வரும் கட்டற்ற மென்பொருளைக் காசு வாங்கிக்கொண்டு விற்பது தப்பே இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லினக்ஸ் விற்கும் ரெட் ஹாட் நிறுவனம், நிரலைப் பகிர்பவரின் சந்தாவை நிறுத்தலாம் என்று விதி வைத்திருப்பது சரியா என்ற பேச்சை எடுத்தாலே "அப்போ எல்லாத்தையும் இலவசமா கொடுக்கணுமா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வெளிவரும் ஜிபிஎல் உரிமம் விலையைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. மூல நிரலை, அதாவது புரோகிராமர்கள் எழுதிய வடிவத்தை, ஊருக்கெல்லாம் திறந்து வைக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை, மென்பொருளை யாருக்குக் கொடுத்தீர்களோ அவர்களுக்கு நிரலையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். வாங்கியவர் அந்த நிரலை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், அந்த உரிமையின் மேல் நீங்கள் கூடுதலாக எந்தக் கட்டுப்பாடும் போடக் கூடாது என்று 1991இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 6ஆம் பிரிவு சொல்கிறது. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் இதே விதி இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான்.

இப்போது ரெட் ஹாட் விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஜூன் 21 அன்று அவர்கள் அறிவித்தது இது: பொதுவெளியில் இனி அடுத்த பதிப்புக்கு முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமின் நிரல் மட்டும்தான், நிறுவனங்களுக்குச் சந்தாவில் விற்கும் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூல நிரல் வாடிக்கையாளர்களுக்கு அவர்களுடைய தளம் வழியாக. இதுவரை உரிம மீறல் எதுவும் இல்லை. ஆனால் சந்தா வழியாகக் கிடைத்ததை மறுவிநியோகத்துக்குப் பயன்படுத்தினால் அது ஒப்பந்த மீறல், சந்தாவை நிறுத்தலாம் என்கிற விதி அவர்களுடைய ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜிபிஎல் போன்ற திறமூல உரிமங்கள் தரும் உரிமைகளைக் குறைப்பது தங்கள் நோக்கமல்ல என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்களே, அந்தக் கதைதான்.

அவர்கள் பக்க வாதம் வலுவானது, அதை மறைக்க மாட்டேன். கையில் இருக்கும் நிரலின் மேல் உங்களுக்கு முழு உரிமை உண்டு, நாளைக்கு வரப்போகும் பதிப்பை உங்களுக்கே விற்றாக வேண்டும் என்று எந்த உரிமமும் சொல்லவில்லை, யாரோடு வியாபாரம் செய்வது என்பது எங்கள் விருப்பம் என்கிறார்கள். சட்டப்படி இது நிற்கவும் கூடும். கர்னல் பாதுகாப்புக்கான ஜிஆர்செக்யூரிட்டி என்ற பேட்சுகளை (நிரல் திருத்தங்களை) விற்ற நிறுவனமும் இதே மாதிரி நிபந்தனை போட்டது. அது ஜிபிஎல் மீறல் என்று 2017இல் திறமூல இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான புரூஸ் பெரன்ஸ் எழுத, அவர் மேல் அவதூறு வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். 2020இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரன்ஸ் பக்கம்தான் நின்றது. ஆனால் அவர் எழுதியது அவருடைய கருத்து என்ற அளவில்தான் தீர்ப்பு, நிபந்தனை உரிமத்தை மீறுகிறதா என்பதை அந்த வழக்கு தீர்க்கவில்லை.

என்னைக் கேட்டால் மீறல்தான். ஆயிரம் சர்வர் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அடுத்த வாரம் வரும் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காது என்றால், அது நிரலை யாருக்காவது கொடுக்குமா? கொடுக்கவே கொடுக்காது. 'தடை' என்ற சொல்லை ஒப்பந்தத்தில் எழுதாமலே தடையின் பலன் முழுதாகக் கிடைத்துவிடுகிறது, இதைக் கூடுதல் கட்டுப்பாடு இல்லை என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

ரெட் ஹாட் ஊழியர்கள் கர்னலுக்கும் ஜிசிசி என்ற கம்பைலருக்கும் கொடுத்த உழைப்பு மிகப் பெரியது, அதற்கு ஊதியம் வர வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதே கர்னலில் வெளியே இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பும் இருக்கிறது. அவர்கள் ஒரே ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்கள், அந்த நிபந்தனையை ஏற்றுத்தான் நிறுவனமும் எடுத்துக்கொண்டது. பெயரையும் சின்னத்தையும் காப்பாற்றிக்கொள்ளட்டும், காசு கட்டிய இயந்திரங்களுக்கு மட்டும் ஆதரவு என்று சொல்லட்டும், சான்றிதழ் விற்கட்டும், எல்லாம் சரி. பகிர்ந்தவரைத் தண்டிப்பது மட்டும் வேண்டாம்.

அலுவலகத்துக்குச் சந்தா வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஜிபிஎல் நிரலை நாளைக்கு வேறொருவருக்குக் கொடுத்தால் எங்கள் சந்தா தொடருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.