காலி செய்யும் நாளை நினைத்து வாங்குங்கள்

தனியாக அறை எடுத்துப் படிக்கப்போகும் பிள்ளைகள் யாராவது ‘என்னென்ன வாங்கணும்?’ என்று கேட்டால் நான் பட்டியல் கொடுப்பதில்லை. ‘எப்போ காலி பண்ணுவீங்க?’ என்று திருப்பிக் கேட்பேன். இன்னும் குடியே போகவில்லை, அதற்குள் கிளம்புவதைப் பற்றிப் பேசுகிறாரே என்று முகம் சுருங்கும். ஆனால் கையில் இருக்கும் கொஞ்சப் பணம் எதில் போகலாம், எதில் போகக் கூடாது என்பதை இந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது.

படிக்கிற காலத்து அறை சில வருடங்கள் இருந்துவிட்டுப் போகிற இடம். நடுவிலேயே மாற வேண்டியும் வரும். வாடகை ஏறும், கூட இருப்பவரோடு ஒத்துப்போகாது, வகுப்புகள் வேறு பக்கம் போய்விடும். உள்ளே வருகிற ஒவ்வொரு சாமானும் ஒருநாள் அதே வாசல் வழியாக வெளியே போயாக வேண்டும். அதை யார் தூக்குவது, எதில் ஏற்றுவது, விற்க நினைத்தால் யார் வாங்குவார்கள்? இந்த மூன்றில் ஒன்றுக்காவது நல்ல பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது நஷ்டம்தான்.

இந்தக் கணக்கில் முதலில் அடிபடுவது, பெட்டியில் பிரித்து வந்து நாமே பூட்டிக்கொள்கிற மலிவான மேசையும் அலமாரியும். பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சீவலையும் பசை கலந்து அழுத்திய பலகை, மேலே மரம் போலத் தெரிய ஒரு தாள். பூட்டி நிறுத்தும்போது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். பிரச்சினை கழற்றும்போது. ஸ்க்ரூ முதல்முறை இறங்கும்போது அந்தத் தூளைக் கடித்துக்கொண்டு இறுகும். கழற்றினால் தூளும் கூடவே உதிரும். அடுத்த அறையில் அதே ஓட்டையில் முடுக்கிப் பாருங்கள், ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. (தீக்குச்சியை மருந்து நீக்கி, மரப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் செருகி, காய்ந்ததும் வெட்டிவிட்டு முடுக்கினால் கொஞ்ச நாள் தாங்கும். அவ்வளவுதான்.) விளிம்பில் தண்ணீர் இறங்கினால் உப்பும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. ஆக, ஒரே அறையில் ஆடாமல் அசையாமல் இருக்கிறவர்களுக்கான பொருளை, அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் தலையில் கட்டுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

அதற்குப் பதில் என்ன? போல்ட் நட் போட்டுப் பூட்டுகிற இரும்பு ரேக். அழகு கிடையாது. ஆனால் எத்தனை முறை பிரித்தாலும் பூட்டலாம், புத்தகப் பாரம் தாங்கும், அடித்தட்டை உயர்த்தி வைத்தால் கீழே பெட்டி தள்ளலாம், விற்றாலும் போகும். இல்லையென்றால் பழைய கெட்டி மரச் சாமான், பிளைவுட் சாமான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மர மேசை ஏற்கெனவே மதிப்பு இறங்கி முடிந்தது. நீங்கள் விற்கும்போது அதற்கு மேல் பெரிதாக இறங்காது.

பழையது வாங்குவதற்குக் கொஞ்சம் கண் வேண்டும். மர மேசையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பில் கீறல் இருந்தால் கவலைப்படாதீர்கள், குனிந்து அடியைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டைகளும், அதற்கு நேர் கீழே மாவு மாதிரி தூளும் இருந்தால் உள்ளே வண்டு வேலை செய்துகொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். அப்புறம், மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கிரீச்சென்று சத்தம் வந்தால் ஸ்க்ரூவை முடுக்கினால் சரியாகலாம். கால் தனியாக, பலகை தனியாக அசைந்தால் மூட்டே போய்விட்டது. இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்து மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை லேசில் போகாது.

கட்டிலுக்கு இன்னும் கெடுபிடி தேவை. மூட்டைப்பூச்சி சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ‘ரொம்ப நாளா யாரும் படுக்கலை’ என்று விற்கிறவர் சொல்வதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. செல்போன் டார்ச்சை அடித்து, சட்டம் சேரும் இடுக்குகள், ஸ்க்ரூ ஓட்டைகள், பலகைக்கு அடிப்புறம் எல்லாவற்றையும் பாருங்கள். பேனா மையைப் புள்ளி புள்ளியாகத் தெறித்தது போல் கறுப்புக் கறை தெரிந்தால் அது அதன் எச்சம். வளர்ந்த பூச்சியே 5 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், குஞ்சு அதைவிடப் பொடிசு. பூச்சி கண்ணில் படாமல் போகலாம், கறை மாட்டிக்கொள்ளும். பழைய மெத்தை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். துணி வைத்துத் தைத்த சோபா நாற்காலிக்கும் அதேதான்.

சரக்கு அடுக்கும் மரப் பேலட்டில் கட்டில் செய்கிற வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாடு விட்டு நாடு போகும் பேலட்டுகளில் கதிர்ச் சின்னத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘ஹெச்.டி.’ (HT) என்று இருந்தால் சூடாக்கிப் பூச்சி நீக்கியது. ‘எம்.பி.’ (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு அடித்தது, அதைப் படுக்கைக்கு அடியில் கொண்டுவந்து வைக்காதீர்கள். முத்திரையே இல்லாததில் என்ன சிந்தியதோ யாருக்குத் தெரியும். தவிர, ஒரு பேலட்டின் கனம் தெரிந்தால் பாதிப் பேர் மாடிப்படியிலேயே ஆசையை விட்டுவிடுவார்கள்.

சரி, புதிதாக வாங்க வேண்டியவை எவை? என்னைக் கேட்டால் மெத்தை, விளக்கு, முடிந்தால் நாற்காலி. மூன்றும் உங்களோடு அடுத்த அறைக்கும் வரும்.

மெத்தையை அழுத்திப் பார்த்து வாங்குவது பழக்கம். அழுத்தினால் தெரிவது கெட்டியா மெத்தென்றா என்பது மட்டும். எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்வது அடர்த்தி. ஃபோம் மெத்தையில் ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று அதைச் சொல்வார்கள். தினமும் படுக்கிற மெத்தைக்கு அது 30 கிலோவுக்குக் கீழே இருந்தால் நான் யோசிப்பேன், சீக்கிரமே நடுவில் குழி விழும். மெல்லிய மெத்தை வாங்கித் தரையில் போட்டுக்கொள்ளலாம், தாராளமாக. ஆனால் உடம்பிலிருந்து இரவெல்லாம் இறங்குகிற ஈரம் தரைக்கும் மெத்தைக்கும் நடுவில் போக வழியில்லாமல் தங்கிவிடும். அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். சின்ன அறையில் பகலில் நடக்கவும் இடம் கிடைக்கும்.

விளக்கு விஷயத்தில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். கூரையின் நடுவில் ஒரு பல்பு, மேசை சுவரோரமாக. உட்கார்ந்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும், நோட்டின் மேல் நம் தலை நிழலே விழும். எழுதவும் படிக்கவும் மேசை மட்டத்தில் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) வேண்டும் என்பது பணியிடங்களுக்குச் சர்வதேச அளவில் வைத்திருக்கும் அளவு. கூரை பல்பு ஒன்றை மட்டும் நம்பினால் அதில் பாதி வருவதே கஷ்டம். நோட்டுக்குப் பக்கத்தில் வைத்த ஒரு சின்ன எல்.இ.டி. டேபிள் லேம்ப், 400, 500 லூமென் (விளக்கு வெளியே விடும் மொத்த வெளிச்சம்) கொடுத்தாலே அந்தக் குறையைத் தீர்த்துவிடும். வலது கையால் எழுதுகிறவர்கள் இடது பக்கம் வையுங்கள், இடது கைக்காரர்கள் வலது பக்கம். நிறத்தையும் பாருங்கள். அட்டைப் பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 2700 என்றால் மஞ்சள். படிக்க 4000 சுமார் எனக்குப் பிடிக்கும். தூங்குவதற்கு முந்தைய நேரத்துக்கு மஞ்சள்தான் நல்லது.

நாற்காலிக்குப் பணம் இல்லையென்றால் அளவையாவது சரிசெய்யுங்கள். பொதுவாக மேசை 75 சென்டிமீட்டர் உயரம், சாதாரண நாற்காலியின் இருக்கை 45. இந்த 30 சென்டிமீட்டர் இடைவெளியில் பலருக்கு மேசை முழங்கையைவிட உயரமாகவே இருக்கும். உட்கார்ந்து தோளைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கிப் பாருங்கள். மேசை அதைவிட உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் கழுத்து பேசும். கெட்டியான ஒரு திண்டைக் கீழே போட்டு உட்காருங்கள். பாதம் தரையில் படவில்லையா, காலுக்கடியில் பழைய புத்தகக் கட்டு ஒன்றை வையுங்கள். மடிக்கணினிக்கு அடியிலும் புத்தகங்களை அடுக்கித் திரையைக் கண் மட்டத்துக்கு ஏற்றி, விலை குறைந்த தனிக் கீபோர்டு ஒன்று போட்டுக்கொண்டால் போதும். இதற்கென்று அழகழகாக ஸ்டாண்ட் விற்கிறார்கள், புத்தகம் செய்யாத எதையும் அது செய்வதில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மின்கெட்டில் ஒன்றே 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும், இஸ்திரிப் பெட்டி 1000. மடிக்கணினி 65 வாட்டில் அடங்கிவிடும். பாக்ஸில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பது கணக்கே இல்லை, மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று பின்னால் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். வயரின் மேல் மெத்தையோ பாயோ போடாதீர்கள், சூடு வெளியேற வழியிருக்காது.

இவ்வளவையும் முதல் நாளே வாங்கிவிட வேண்டாம் என்பது என் பிடிவாதம். படுக்க ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று, இரண்டோடு போய் இருந்து பாருங்கள். வெயில் எந்த நேரத்தில் எந்தச் சுவரில் விழுகிறது, பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது, எந்த மூலையில் ஈரம் கசிகிறது, கதவு எதுவரை திறக்கிறது என்பதெல்லாம் குடியிருந்தால்தான் தெரியும். மேசை வாங்கும் முன் அதே அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் விரித்து ஒட்டிவிட்டுச் சுற்றி நடந்து பாருங்கள். ஆள் நடக்க 60 சென்டிமீட்டர் வேண்டும், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க இன்னும் கொஞ்சம். மாடிப்படியின் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

அடுக்கிவைக்க என்று விற்கும் கலர் கலர் டப்பா, கூடை, தொங்கும் பை இவற்றின் பக்கமே போகாதீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் சில்லறைக் காசு. கூட்டிப் பார்த்தால் நாற்காலிக்கான பணம் அதில் கரைந்திருக்கும். ஊரிலிருந்து வந்த பெட்டியே துணி அலமாரி, கட்டிலுக்கடியில் தள்ளுங்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தால் கதவின் மேல் விளிம்பில் மாட்டுகிற கொக்கி இருக்கிறது. ஒட்டுகிற ஹூக்குகள் சுண்ணாம்பு உதிரும் சுவரில் நிற்காது, நின்றாலும் எடுக்கும்போது பெயிண்டை உரித்துக்கொண்டு வரும், அது முன்பணத்தில் கழியும்.

கடைசியாக, வாங்குகிற காலம். படிப்பு முடிந்து கும்பலாக எல்லோரும் காலி செய்கிற வாரங்களில் மேசையும் நாற்காலியும் கேட்பாரற்றுக் கிடக்கும், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்பார்கள். புதிய வருடம் தொடங்குகிற நேரத்தில் அதே மேசைக்குப் போட்டி. முடிந்தால் முன்னதைப் பிடியுங்கள். நீங்கள் கிளம்பும்போது அந்தக் கும்பலில் நின்று விற்காதீர்கள். அறைக்கு அடுத்து வரப்போகிறவர் யாரென்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, மேசையும் ரேக்கும் இருந்த இடத்திலேயே இருக்க அவரிடம் பேசி முடித்துவிடுங்கள். அவருக்கும் தூக்குக்கூலி மிச்சம்.